விசாரிக்கப் போன சலவை அக்கா

"மூலையைப் பிடிங்க. நல்லா உதறுங்க. ம்... இப்பச் சொல்லுங்க, வீட்ல எத்தனை பேரு?"

எதிரே நிற்பவர் படுக்கை விரிப்பின் இரண்டு மூலைகளைப் பிடித்திருக்கிறார். மற்ற இரண்டும் அக்காவின் கையில். ஒரு உதறல், நீளவாக்கில் ஒரு மடிப்பு, அதன் மேல் இன்னொன்று. அடுத்த மடிப்புக்கு இருவரும் நடந்து வந்து நடுவில் சந்திக்க வேண்டும். அக்கா இரண்டு கை மூலைகளையும் ஒன்றாகச் சேர்த்து வாங்கிக்கொள்ளும்போது முகத்துக்கு முகம் ஒரு சாண் தூரம்தான். அந்தச் சமயத்தில்தான் ஆள் வாயைத் திறக்கிறார்.

"முதல் மடிப்புல ஊர்க்கதை வரும். ரெண்டாவதுல வீட்டுக்கதை. மூணாவதுலதான் விஷயம்" என்பார் அக்கா. நாளொன்றுக்கு நானூறு விரிப்புகள் மடிக்கிற கை. எந்த மடிப்பில் என்ன வரும் என்று அதற்குத் தெரியாதா?

பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் அவருக்குப் பதினோரு வருட வேலை. ஊரை விட்டு வந்து பதினாறு வருடம் ஆகிறது. கணவர் ரொட்டி வண்டி ஓட்டுகிறார். விடியுமுன் கிளம்பி, மற்றவர்கள் காலைச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தில் வீடு திரும்பிவிடுவார். அக்காவுக்கு வயது நாற்பத்தெட்டு. குள்ளம். நடை மட்டும் நெட்டையானவர்களுடையது. கசங்கியது எதுவும் கண்ணில் பட்டால் பொறுக்காது. பேருந்தில் பக்கத்து இருக்கையில் யாரோ விட்டுப்போன செய்தித்தாளைக்கூட நாலாக மடித்து வைத்துவிட்டுத்தான் இறங்குவார். சிரிப்பும் அப்படித்தான், முந்திக்கொண்டு வரும். வேடிக்கையாக ஒன்று சொல்ல ஆரம்பித்து, சொல்லி முடிப்பதற்குள் தானே குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிடுவார். என்ன சொல்ல வந்தார் என்பதைப் பிறகு நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

அவர் குடியிருக்கும் கட்டடத்தில் நான் நாலாம் மாடி, அவர் ஐந்தாம் மாடி. எங்கள் கட்டடத்தில் ஒன்பது மொழி பேசுகிறவர்கள் இருக்கிறோம். எல்லோருமே எங்கிருந்தோ வந்தவர்கள். அடித்தளத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு துவைக்கும் அறை உண்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே போனால் அக்காவைப் பார்க்கலாம். வேலை நாளெல்லாம் ஊரார் விரிப்பை மடித்தது போதாதென்று, அன்றும் யாருடைய விரிப்பின் மூலையையாவது பிடித்துக்கொண்டு நிற்பார்.

இந்த அக்கா ஒரு அரசாங்க ஆய்வறிக்கையின் ஆசிரியர்களில் ஒருவர் என்றால் முதலில் யாரும் நம்ப மாட்டார்கள். கொஞ்ச நாள் வரை அவரே நம்பவில்லை.

போன வருடம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் எங்கள் கட்டடத்துக்கு வந்தார். முப்பது வயதைத் தாண்டியவர். தாய் தகப்பன் குடியேறி வந்தவர்கள், இவர் இங்கேயே பிறந்தவர். அதனால் வீட்டுத் தமிழ் நன்றாகவே வரும். கையில் நாற்பத்திரண்டு கேள்விகள் கொண்ட தாள். புதிதாக வந்தவர்களுக்கு மாநகராட்சி ஒரு மொழி வகுப்பு நடத்தியது. அறுபது பேர் உட்காரும் இடத்தில் ஒன்பது பேர்தான் வந்தார்கள். ஏன் என்று விசாரித்து அறிக்கை கொடுக்க வேண்டும். அதை வைத்துத்தான் வகுப்பைத் தொடர்வதா மூடுவதா என்று முடிவெடுப்பார்கள்.

அக்கா ஏழு கேள்விகளுக்குச் சமர்த்தாகப் பதில் சொன்னார். எட்டாவது கேள்வி: "மொழி வகுப்புக்கு வராததற்குக் காரணம் என்ன? அ. நேரமின்மை. ஆ. ஆர்வமின்மை. இ. தொலைவு. ஈ. பிற."

"ஏம்மா, இதுக்கு எல்லாரும் என்ன சொன்னாங்க?"

"நேரமில்லைன்னுதான் முக்கால்வாசிப் பேர் சொன்னாங்கக்கா."

"சொல்லத்தான் செய்வாங்க. நல்லா உடுத்திக்கிட்டு ஒருத்தங்க தாளோட வந்து உக்காந்து கேட்டா, நானும் அதைத்தான் சொல்வேன். நேரமில்லைன்னு சொன்னா கேட்டவங்களுக்கும் மனசு நோகாது, சொன்னவங்களுக்கும் வம்பு இல்ல. நீங்களே சொல்லுங்க, இஷ்டமில்லாத கல்யாணத்துக்குப் போகலைன்னா என்ன காரணம் சொல்வீங்க?"

அந்தப் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டார். அன்று மீதி முப்பத்துநாலு கேள்விகளும் கேட்கப்படவில்லை. இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தவர், அக்காவை ஆய்வில் சேரச் சொன்னார். பதில் சொல்கிறவராக வேண்டாம், கேட்கிறவராக. வாரத்துக்கு எட்டு மணி நேரம். கழுத்தில் மாட்டிக்கொள்ள 'கூட்டாய்வாளர்' என்று அச்சடித்த அட்டை ஒன்றும் உண்டு.

வீட்டில் அதற்கு நல்ல வரவேற்பு. கணவர் ரொட்டி வண்டியின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஏறுங்க மேடம்" என்றார். அவருடைய தங்கை, அதாவது அக்காவின் நாத்தனார், அட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணி, இனிமே உங்களுக்குச் சாப்பாடு போடணும்னாக்கூட மனு எழுதிக் குடுக்கணுமா?" என்று கேட்டார். அக்கா சிரித்த சிரிப்பில் என் வீட்டுக் கூரை அதிர்ந்தது.

அட்டையை அவர் கழுத்தில் மாட்டிக்கொண்டு நான் பார்த்ததில்லை. மேல்சட்டையின் உள்பையில் இருக்கும். "கழுத்துல அட்டை தொங்கறவங்களைப் பாத்தா எங்க ஆளுங்க வாயே திறக்க மாட்டாங்க. எனக்கே நாக்கு ஒட்டிக்கும்." 'ஆய்வு' என்ற சொல்லும் பிடிக்காது, ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற மாதிரி இருக்கிறதாம். விசாரணை என்று யாராவது சொல்லிவிட்டாலோ முகம் சுருங்கிவிடும். "விசாரணை இல்லீங்க, விசாரிப்பு. நல்லா இருக்கீங்களான்னு கேக்கறோமே, அது."

சேர்ந்த முதல் நாளே கேள்வித்தாளின் மேலே இருந்த 'பெயர்' என்ற கட்டத்தைப் பேனாவால் அடித்தார். ஆய்வுக்காரப் பெண் பதறிப்போனார். பெயர் இல்லாவிட்டால் யார் சொன்னது என்று எப்படித் தெரியும்? "தெரியவே கூடாதும்மா. அதுக்குத்தான் அடிச்சேன்." கொண்டுவந்திருந்த ஒலிப்பதிவுக் கருவியைத் துணி சோப்பு வைக்கும் இழுப்பறையில் போட்டு மூடினார். பிறகு அந்தப் பெண்ணின் கையில் ஒரு விரிப்பின் மூலையைக் கொடுத்தார். ஆரம்பத்தில் ஆய்வுக்காரப் பெண் மடித்த விரிப்புகளைப் பார்த்துத் துவைக்கும் அறையே சிரித்தது. ஆனால் மூன்றாவது வாரத்தில் அவரோடு மடித்துக்கொண்டே பேசப் பெண்கள் காத்து நின்றதை நானே பார்த்தேன்.

விஷயம் கடைசியில் அக்காவின் வீட்டுக்குள்ளிருந்தே கிளம்பியது.

நாத்தனார் வந்து மூன்று வருடம் ஆகிறது. முட்டைக் கிடங்கில் தட்டுகளில் முட்டை அடுக்கும் வேலை. அகதி விண்ணப்பம் இன்னும் முடிவாகவில்லை, அதனால் மாதம் ஒரு முறை பதிவு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். இந்த ஊர் மொழியில் அவருக்கு 'நன்றி', 'உடையும்' என்று இரண்டு சொற்கள்தான் தெரியும். ஒரு தடவை கிடங்கில் விடுமுறை என்று எழுதிப் போட்டிருந்த அறிவிப்பைப் படிக்கத் தெரியாமல், மறுநாள் பூட்டிய கதவுக்கு முன்னால் மழையில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வந்தார். இருந்தும் வகுப்புக்குப் போகச் சொன்னால் ஒரே பதில்தான்: "எனக்கு எதுக்கு அண்ணி இந்த வயசுல படிப்பு? முட்டை என்ன, பேசவா போகுது?" வயது முப்பத்தொன்பது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவும் அவரும் சொந்த வீட்டு விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார்கள். வகுப்புக்கு ஏன் போகவில்லை என்று அக்கா அன்று கேட்கவில்லை.

"ஏண்டி, வகுப்பு நடக்கற கட்டடத்துக்கு நீ எந்த வழியா போவே?"

"நான் ஏன் போறேன்? அந்தத் தெருவுக்கே போக மாட்டேன். மாசத்துல ஒரு நாள் போறதே போதும்."

மூன்றாவது மடிப்புக்கு இருவரும் நெருங்கி வந்தார்கள். நாத்தனார் மூலைகளைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"அண்ணி, கீழ கையெழுத்துப் போடற ஆபீசு, மேல வகுப்பு. வாசல்ல ஒரு ஆள் நின்னு அடையாள அட்டையைக் கேக்கறான். போன மாசம் எனக்கு முன்னாடி நின்னவங்களைத் தனியா உள்ள கூட்டிட்டுப் போனாங்க. நான் ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். அவங்க அந்த வழியாத் திரும்பி வரவே இல்ல."

"வேற வாசல் வழியா போயிருப்பாங்கடி."

"போயிருக்கலாம். ஆனா அதை நெனச்சிக்கிட்டே எப்படி மாடியேறிப் போய் எழுத்து கத்துக்கறது?"

அக்கா பிற்பாடு என்னிடம் இதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. "ஒரே வீட்ல மூணு வருஷமா இருக்கா. தினமும் ஒண்ணா உக்காந்து சாப்பிடறோம். அவ பயந்துகிட்டு இருக்கறது எனக்கே தெரியலையே. இதுல அரசாங்கத்தை என்ன குத்தம் சொல்றது?"

எல்லாம் ஒரே கட்டடத்தில் இருந்தால் மக்களுக்கு அலைச்சல் மிச்சம் என்று நினைத்துத்தான் மாநகராட்சி மூன்றாம் மாடியில் வகுப்பை வைத்திருந்தது. அவர்களுக்கு அதில் பெருமைகூட. அதன் பிறகு அக்கா எல்லோரிடமும் வழியைத்தான் கேட்டார். எந்த வழியாகப் போவீர்கள், எந்த நிறுத்தத்தில் இறங்குவீர்கள். முடிதிருத்தும் கடைக்காரர் ஒருவர், அந்தக் கட்டடத்தைத் தாண்டாமல் இருக்க இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடக்கிறார். ஒரு தாய், குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துப் போகையில் பின்தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறாள். குழந்தை ஏன் என்று கேட்டால், இந்தப் பக்கம்தான் பூனைகள் நிறைய இருக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறாளாம்.

ஆய்வை நடத்தும் பேராசிரியருக்கு இது போதவில்லை. பதினாலு பேர் சொன்னதை வைத்து எப்படி முடிவுக்கு வருவது என்று கேட்டார். கேட்டதில் தப்பில்லை என்று அக்காவே ஒத்துக்கொண்டார். அடுத்த வாரம் வகுப்பு நடக்கும் இரண்டு நாட்களிலும் அவரும் ஆய்வுக்காரப் பெண்ணும் கட்டடத்துக்கு எதிரே உள்ள பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள். கையில் நோட்டுப் புத்தகத்தோடு வாசல் வரை வந்து, காவலாளியைப் பார்த்ததும் செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்து, நிமிர்ந்து, அப்படியே நடந்து போய்விட்டவர்கள் முப்பத்தொரு பேர். உள்ளே போனவர்கள் ஒன்பது பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு போட்டிருந்தார்கள். ஆர்வமில்லாதவர்கள் என்று கணக்கில் எழுதப்பட்டவர்கள் நோட்டுப் புத்தகத்தோடு வாசல் வரை வந்துபோயிருக்கிறார்கள்.

இதற்கிடையில் வகுப்பை மூடுவதற்கான கடிதமே தயாராகிவிட்டது என்று செய்தி வந்தது. கடைசியாக ஒரு கூட்டம். அக்கா வந்து பேச வேண்டும். "நீங்களும் சும்மா கூட வாங்க. தெரிஞ்ச முகம் ஒண்ணு இருந்தா தெம்பா இருக்கும்" என்று என்னைக் கூப்பிட்டார். போனேன்.

நீள மேசை. ஒரு பக்கம் அதிகாரிகள் ஆறு பேர், நடுவில் நலத்துறைத் துணை இயக்குநர் அம்மா. மறுபக்கம் பேராசிரியர், ஆய்வுக்காரப் பெண், அக்கா. நான் சுவரோரம். அக்கா உட்கார்ந்ததும் முதல் காரியமாக எதிரே கிடந்த நிகழ்ச்சிநிரலை நாலாக மடித்தார். முறை வந்ததும் எழுந்து தமிழில் பேசினார். ஆய்வுக்காரப் பெண் ஒவ்வொரு வாக்கியமாக ஊர் மொழியில் சொன்னார்.

"அந்தக் கட்டடத்தைப் பாத்தா எங்களுக்குப் பயம்" என்றார் அக்கா.

ஆய்வுக்காரப் பெண் ஒரு கணம் தயங்கினார். அந்த ஆறு பேரின் முகத்தைப் பார்த்தார். பிறகு, "அந்தக் கட்டடம் இவர்களுக்கு அவ்வளவு வசதியாக இல்லை" என்று மொழிபெயர்த்தார்.

அக்கா உட்காரவில்லை. திரும்பி, மெதுவாகக் கேட்டார்: "வசதின்னா சொன்னேன்? பயம்னு சொன்னேம்மா. அந்த வார்த்தைக்கு நீ சிரமப்பட வேண்டாம், எனக்கே தெரியும். இந்த ஊருக்கு வந்து நான் கத்துக்கிட்ட முதல் வார்த்தையே அதுதான்."

மேசையின் பக்கம் திரும்பி அந்த ஒரு சொல்லை ஊர் மொழியில் தானே சொன்னார். உச்சரிப்பு பிசகவில்லை. ஆய்வுக்காரப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு அவர் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

துணை இயக்குநர் அம்மா கெட்டவர் இல்லை. கோடு போட்ட தாளை வாங்கி நிதானமாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பயப்படுகிறவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் கொடுத்தால், அவர்களைத் தனித்தனியாக அழைத்துப் பேசித் தைரியம் சொல்லலாமே என்றார். நல்லெண்ணத்தில்தான் கேட்டார். ஆனால் நாத்தனாரின் விண்ணப்பம் வகுப்பு நடக்கும் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஏதோ ஒரு அலமாரியில் இருந்தது. அக்காவின் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்ததைப் பார்த்தேன்.

"முதல்ல என் பேரை எழுதிக்குங்க" என்றார் அக்கா. "பதினாறு வருஷம் ஆச்சு. நானும் வீட்டுக்காரரும் குடியுரிமை வாங்கிட்டோம். வரியெல்லாம் கட்டறோம். இன்னிக்கும் அந்த வாசலைத் தாண்டும்போது பையில அட்டை இருக்கான்னு தொட்டுப் பாத்துக்கறேன். எனக்கே இப்படின்னா நேத்து வந்தவங்களுக்கு? மத்தவங்க பேரு எதுவும் எங்கிட்ட இல்லீங்க. தாள்ல பேர் எழுதற கட்டமே இல்ல, வேணும்னா பாருங்க. அவங்களை நீங்க கூப்பிட வேண்டாம். வகுப்பை அங்கேருந்து வெளிய கூப்பிட்டுக்குங்க, அவங்களே வந்துடுவாங்க."

ஆய்வுக்காரப் பெண் மொழிபெயர்த்து முடித்தார். மேசையின் கோடியில் குறிப்பெழுதிக்கொண்டிருந்த நரைத்த தலை எழுத்தர் நிமிர்ந்தார். தன் சட்டைப் பையைத் தட்டிக் காண்பித்தார். "நானும் தொட்டுப் பார்க்கிறேன், தினமும். என் அப்பா கையெழுத்துப் போட அந்த வரிசையில் நின்றவர்" என்றார். இருபது வருடமாகக் கூடவே வேலை பார்க்கிற அதிகாரிகளுக்கு அது புதுச் செய்தி என்பது அவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்த விதத்தில் தெரிந்தது.

வெளியே வந்து படியிறங்கும்போது ஆய்வுக்காரப் பெண் மன்னிப்புக் கேட்டார். அவர்கள் கோபித்துக்கொண்டு வகுப்பை மூடிவிடுவார்களோ என்று நினைத்தாராம். "அப்ப உனக்கும் பயம்னு சொல்லு" என்றார் அக்கா. சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று பேரும் படியிலேயே உட்கார்ந்து சிரித்தோம்.

இரண்டு மாதத்தில் முடிவு வந்தது. வகுப்பு மூடப்படவில்லை. பூங்காவுக்கு அந்தப் பக்கம் உள்ள பள்ளிக்கூடத்தின் உணவுக்கூடத்துக்கு மாறியது. வாசலில் ஆள் இல்லை, அட்டை கேட்பதில்லை. கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும் என்று அக்கா எழுதச் சொன்னதற்கு, இப்போதைக்கு இயலாது என்று ஒரே வரியில் பதில். "அடுத்த விசாரிப்புல பாத்துக்கலாம்" என்கிறார். மாதவிடாய் போலவோ மழை போலவோ அரசாங்கப் பதில்களையும் அதனதன் போக்கில் எடுத்துக்கொள்கிற மனசு. அச்சான அறிக்கையில் நாலு ஆசிரியர்களில் மூன்றாவதாக அவர் பெயர் இருக்கிறது. கணவர் ரொட்டி கொடுக்கிற கடைகளிலெல்லாம் அதைக் காட்டிவிட்டு வந்தார். ஒரு ஓரத்தில் மாவு ஒட்டியிருக்கிறது.

போன வாரம் வகுப்பைப் பார்க்கப் போயிருந்தேன். சாயங்காலம் ஐந்து மணி. உயரம் குறைந்த பள்ளிப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க நாற்பத்துமூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனார் இரண்டாவது வரிசையில். ஆசிரியை ஏதோ கேட்க, அவர் எழுந்து நின்று, "நான் முட்டை அடுக்குகிறேன். நேற்று ஒன்று உடைந்தது. நான் உடைக்கவில்லை" என்று ஊர் மொழியில் தட்டுத்தடுமாறிச் சொன்னார். வகுப்பே கைதட்டியது. கடைசி வரிசையில் இருந்த அக்காதான் எல்லோரையும் விடச் சத்தமாகத் தட்டினார். ஊர் மொழியை அக்கா ஓரளவு பேசுவார், எழுத்துதான் தகராறு. அதனால் அவரும் ஒரு மாணவி.

அப்போது ஒரு பெண் கதவருகே வந்து நின்றாள். புதியவள். தோளில் பை, கையில் உறை பிரிக்காத நோட்டு. அக்கா தன் பெஞ்சில் ஒதுங்கி இடம் விட்டார். அவள் வந்து விளிம்பில் உட்கார்ந்தாள். பெயரும் முகவரியும் கையெழுத்தும் கேட்கிற வருகைத்தாள் வரிசை வரிசையாகக் கைமாறி அவளிடம் வந்து சேர்ந்தது. அவள் அதைப் பார்த்தாள். கதவின் பக்கம் ஒரு முறை கண் போய் வந்தது.

அக்கா அவள் பக்கம் திரும்பவே இல்லை. கரும்பலகையைப் பார்த்தபடியே கையை நீட்டி அந்தத் தாளை இழுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டார். அதன் மேல் தன் தேநீர்க் குவளையை வைத்தார்.